118 உம் உண்மை, 8.4 உம் உண்மை

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 51. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். நாலு வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் காலையும் இரவும், கிளிக்ளசைட் காலையில் ஒன்று போடுகிறேன். கிளினிக் ஒருநாளும் தவறவிட்டதில்லை. போன மாதம் வெறும் வயிற்றில் பார்த்த சீனி 118. 'நல்லம், இதே குளிசையைப் போடுங்க' என்றார்கள். மகன் சும்மா இருக்காமல் தனியார் லேப் ஒன்றில் எச்.பி.ஏ.1.சி. செய்வித்தான். அது 8.4 வந்திருக்கிறது. எந்த லேப் பிழை?

தேத்தண்ணிக்குச் சீனி விட்டு எட்டு மாதம். காலையில் குரக்கன் புட்டு, பகலில் மட்டும் சோறு, அதுவும் சிவப்பரிசி, இரவில் இடியப்பம். பின்னேரம் மாரி பிஸ்கட் நாலு. கிளினிக்குக்கு முதல் நாள் இரவு மட்டும் இரண்டு கிறீம் கிறேக்கரோடு படுத்துவிடுவேன். போன தடவை வரிசையில் நிற்கும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, பசிக் களைப்பு என்று விட்டுவிட்டேன். லண்டனில் இருக்கும் தம்பி சீனி பார்க்கும் மீற்றர் ஒன்று அனுப்பினார். ஒருநாள் பகல் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்தினேன், 11 என்று காட்டியது. பழுது என்று அலுமாரியில் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சோற்றை அடியோடு விட்டு, பாகற்காய்ச் சாறு குடித்து, குளிசையையும் நிறுத்தச் சொல்கிறா. என்ன செய்ய? வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி வருகிறது, பொங்கல் ஒரு வாய் வைக்கலாமா?

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கேள்வி என்று நினைக்காமல் போகிற போக்கில் எழுதிய மூன்று விசயங்கள்தான் என் கண்ணில் பட்டன: கிறீம் கிறேக்கர் இரண்டு, வரிசையில் வந்த நடுக்கம், 11 காட்டிய 'பழுது' மீற்றர். உங்களுக்கான பதில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் லேப்புகளை விட்டுவிடுவோம். இரண்டுமே சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. 118 என்பது அந்த நாள் காலை, ஊசி குத்திய நிமிடத்தில் உங்கள் இரத்தத்தில் இருந்த சீனி. அதற்கு முதல் நாள் பகல் எவ்வளவு இருந்தது என்று அதற்குத் தெரியாது. 8.4 வேறு கணக்கு. நம் இரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அந்த நாட்களில் இரத்தத்தில் ஓடும் சீனி, அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிறகு கழலாது. நூறில் எத்தனை பங்கு அப்படி ஒட்டுப்பட்டிருக்கிறது என்பதைத்தான் எச்.பி.ஏ.1.சி. சொல்கிறது. நீங்கள் முதல் நாள் பட்டினி கிடந்தாலும் அது அசையாது. 8.4 என்றால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் சீனியின் சராசரி 194 அளவில் இருந்திருக்கிறது. விடியக்காலையில் 118 உள்ளவரின் சராசரி 194 ஆக வேண்டுமென்றால், மற்ற நேரங்களில் அது 200ஐத் தாண்டி எங்கேயோ நின்றிருக்க வேண்டும். எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது நம் வேலை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடக் காட்டலாம். இரத்தம் ஏற்றியிருந்தாலோ, தலசீமியா மாதிரி சிவப்பணு சீக்கிரம் அழியும் நிலை இருந்தாலோ குறைத்துக் காட்டலாம். உங்கள் வயதில், மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்கள் பலருக்கு இரத்தச்சோகை உண்டு. அடுத்த கிளினிக்கில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மீற்றரில் வந்த அந்த 11ஐ வைத்துப் பார்த்தால் 8.4 பெரிய பொய் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த 11க்கு வருகிறேன். மீற்றர் பழுதில்லை. நாங்கள் இலங்கையில் சீனியை டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். பிரித்தானியாவில் லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளப்பார்கள். அவர்களின் எண்ணை 18ஆல் பெருக்கினால் எங்கள் எண் வரும். 11ஐப் பெருக்குங்கள்: 198. பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து 198. நாம் தேடுகிற இடத்தை அந்த மீற்றர் அன்றைக்கே காட்டிவிட்டது, நீங்கள் அலுமாரிக்குள் பூட்டிவிட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மீற்றரில் 6, 7 என்று எண்ணைக் கண்டு, 'இவ்வளவு குறைந்துவிட்டதா' என்று பயந்து சீனித் தண்ணீர் குடித்தவர்களையும் எனக்குத் தெரியும். அதனால் தம்பியின் மீற்றரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அதற்குப் பொருந்தும், இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் இங்குள்ள பாமசிகளில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் இங்கே ஸ்ட்ரிப் கிடைக்கும் மீற்றர் ஒன்றை வாங்குவதுதான் புத்தி. மீற்றர் ஒருமுறைச் செலவு. ஸ்ட்ரிப்தான் மாதாமாதம் காசைத் தின்னும்.

கிறீம் கிறேக்கர் விசயம். இதற்கு நான் 'கிளினிக் விரதம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் மட்டுமில்லை, பாதிப் பேர் செய்கிறார்கள். இருபத்தெட்டு நாள் ஒரு மாதிரி, கடைசி இரண்டு நாள் நல்ல பிள்ளை. டொக்டரிடம் ஏச்சு வாங்காமல் தப்பலாம், அது உண்மை. ஆனால் உங்கள் வழக்கத்தைக் காட்டாத எண்ணைப் பார்த்து அவர் 'இதே குளிசை' என்று எழுதுவார். தவணைப் பரீட்சைக்குக் கொப்பியடித்த பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் உதவி வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாமல் போகுமல்லவா, அதே கதைதான். அடுத்த முறை முதல் நாள் இரவு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். எட்டு முதல் பத்து மணித்தியாலம் வெறும் வயிறு போதும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம்.

இனி அந்த நடுக்கம். எனக்கு உண்மையில் கவலை தந்தது 8.4 அல்ல, இதுதான். நான் ஊகிப்பது சரியென்றால் நடந்தது இப்படி: முதல் நாள் இரவு இரண்டு பிஸ்கட், விடியற்காலை வழக்கம்போலக் கிளிக்ளசைட், பிறகு பஸ், வரிசை, பத்து மணிவரை பட்டினி. மெற்போமின் தனியாகச் சீனியை அபாயமாக இறக்குவது அரிது. கிளிக்ளசைட் அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, கண் மங்கல் எல்லாம் சீனி 70க்குக் கீழே இறங்குவதன் அடையாளங்கள். அப்படி வந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தரம். சரிவந்ததும் சாப்பாடு. நினைவு தப்பிய ஒருவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். இதை மகனுக்கும் சொல்லி வையுங்கள். இரத்தம் எடுக்கும் நாளில் காலைக் குளிசையைப் போடாமல் கைப்பையில் கொண்டுபோங்கள், கூடவே காலைச் சாப்பாடும். ஊசி குத்தி முடிந்ததும் வாங்கில் இருந்து இரண்டையும் முடியுங்கள். இந்த நடுக்கக் கதையைக் கிளினிக் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் குளிசையை மாற்றக் கூடும்.

சரி, சாப்பாடு.

தேத்தண்ணிக்குச் சீனியை விட்டது பெரிய காரியம். நம் ஊரில் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த அன்பையும் சமாளித்து எட்டு மாதம் நின்றிருக்கிறீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று தேத்தண்ணி, இரண்டு கரண்டிப்படி ஆறு தேக்கரண்டி சீனியை நிறுத்தினீர்கள் என்று வைப்போம். அவித்த சோறு ஒரு தேத்தண்ணிக் கப் அளவில் சுமார் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது, அது சமித்தால் சீனியாகத்தான் இரத்தத்துக்குப் போகும். ஒரு தேக்கரண்டி சீனி நாலு கிராம். அப்படியென்றால் ஒரு கப் சோறு பதினொரு கரண்டி. பாடசாலை விட்டு இரண்டு மணிக்குப் பிறகு பசியோடு வந்து கோப்பையில் போடும் சோறு எத்தனை கப் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்டுப் பார்த்தவர்களில் பலருக்கு மூன்றுக்குக் குறையாது. ஒருநாள் அகப்பையை விட்டுவிட்டுக் கப்பால் அளந்து போட்டுப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சிவப்பரிசி நல்லது. தவிடு இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனால் மாச்சத்து ஏறக்குறைய அதே அளவுதான். குரக்கன் விசயத்தில் நம் சனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு ஆச்சரியம். நூறு கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து உண்டு. நார்ச்சத்தும் கல்சியமும் அரிசியைவிடக் கூட, அது அதன் பெருமை. அதற்காக 'குரக்கன்தானே' என்று இரண்டு குழல் புட்டை வைத்தால் அது அரிசிப் புட்டு செய்கிற வேலையைத்தான் செய்யும். இடியப்பமும் மாதான். மாரி பிஸ்கட்டும் மாதான், கொஞ்சம் சீனியும் சேர்ந்தது. ஆகவே உங்கள் பட்டியலைச் சுருக்கினால்: காலை மா, பகல் சோறு, பின்னேரம் மா, இரவு மா. சீனியை வாசலால் அனுப்பிவிட்டு, கொல்லைப்புறத்தால் நாலு நேரமும் உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

அதற்காகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல் சோற்றை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று கிழமை நிற்பார்கள், நாலாம் கிழமை இரண்டு மடங்காகத் தின்பார்கள். தவிர, கிளிக்ளசைட் போட்டுக்கொண்டு சோற்றைத் திடீரென நிறுத்தினால் அந்த நடுக்கம் திரும்பவும் வரும்.

நான் சொல்வது கோப்பையின் பங்கை மாற்றுவது. அரைவாசிக் கோப்பைக்கு மரக்கறி: கத்தரிக்காய், வெண்டிக்காய், பயிற்றங்காய், புடலங்காய், பாகற்காய், வாழைப்பூ, எது மலிவோ அது. கூடவே ஒரு சுண்டல்: முருங்கை இலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வராது, அவை சோற்றின் சொந்தக்காரர்கள். கால் கோப்பைக்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை. வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு மீன் சாப்பிடச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடையும் கீரியும் விலை கூடிய மீனுக்கு ஒன்றும் குறைந்தவை அல்ல. மிச்சக் கால் பங்குதான் சோறு. தேங்காய்ப்பால் சீனியை ஏற்றாது, நிறையை ஏற்றும், அதனால் சொதியைக் குளமாக ஊற்ற வேண்டாம். தயிர் சாப்பிடலாம், பாணி ஊற்றாமல். பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாம் சீனியின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். 'இயற்கை' என்ற பெயரில் அவற்றுக்குச் சலுகை கிடையாது.

இன்னொரு சின்ன விசயம், காசு செலவில்லாதது. சாப்பிடும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் மரக்கறியும் சுண்டலும் மீனும், பிறகு சோறு. அதே அளவு சாப்பாட்டுக்கே சாப்பிட்ட பின் ஏறும் சீனி குறையும். சோற்றைக் கறியோடு பிசைந்து உண்ணும் நமக்கு இது முதலில் அந்நியமாக இருக்கும். பாதிக் கறியை முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு மிச்சத்தோடு பிசையுங்கள், அதுவும் உதவும். அப்புறம், இடைவேளையில் பணிசுக்குப் பதிலாக அவித்த கடலையோ கௌபியோ ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் ஒரு முட்டை. அதைச் சாப்பிட்டால் இரண்டு மணிக்கு வரும் அந்த வெறிப்பசி பாதி அடங்கும். உங்கள் உண்மையான பிரச்சினை சோறா, அந்த இரண்டு மணிப் பசியா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் சீனியை எடுத்துக்கொள்ளும். படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா என்னிடம் வருவார். வேளாண்மைக் காலத்தில் அவருடைய சீனி நன்றாக இருக்கும். வெட்டு முடிந்து வீட்டோடு இருக்கத் தொடங்கினால் ஏறும். குளிசையும் அதே, சாப்பாடும் அதே. நடையைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

இப்போது மீற்றர். வெறும் வயிற்றில் மட்டும் தினமும் குத்துவது உங்கள் நிலையில் வீண் செலவு, சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று அது காட்டாது. சோடி சோடியாகக் குத்துங்கள்: சாப்பிட முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. திங்கள் காலைப் புட்டு, புதன் பகல் சோறு, சனி இரவு இடியப்பம். கிழமைக்கு ஆறு ஸ்ட்ரிப். பழைய சி.ஆர். கொப்பி ஒன்று எடுத்து, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை கப், முன் எண், பின் எண் என்று எழுதுங்கள்.

முதல் கிழமை எதையும் மாற்ற வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு அளவுங்கள். இரண்டாம் கிழமை அதே சாப்பாட்டில் மாவையோ சோற்றையோ மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மரக்கறியைக் கூட்டி அளவுங்கள். அதற்கு மேல் குறைப்பதென்றால் கிளினிக் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நடுக்கம் வந்த ஆள் நீங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, இரண்டு மணித்தியாலம் கழித்து 180க்குக் கீழே என்பது இலக்கு. ஒரு சாப்பாடு உங்கள் சீனியை 50க்கு மேல் தூக்கினால் அந்தக் கோப்பையைத் திருத்த வேண்டும் என்பது என் கணக்கு. இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஒரே புட்டு உங்களுக்கு 90 ஏற்றும், எனக்கு 40 ஏற்றும். அதனால்தான் யாரோ எழுதிக் கொடுக்கும் பட்டியலைவிட உங்கள் கொப்பியை நான் நம்புகிறேன்.

குத்த முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தி 300 வந்து அலறியடித்து ஓடிவந்தவர்கள் உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்து வைத்தால் கெட்டுவிடும், எடுத்த கையோடு மூடுங்கள். 140க்கும் 150க்கும் சண்டை பிடிக்க வேண்டாம். 15 வீதம் அப்படி இப்படிக் காட்ட மீற்றருக்குச் சர்வதேசத் தர விதியிலேயே இடம் இருக்கிறது.

எச்.பி.ஏ.1.சி.யை மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள், அதற்கு முன் செய்வது காசைக் கடலில் போடுவது. உங்களுக்கு 7க்குக் கீழ் என்பது நியாயமான இலக்கு, ஆனால் முதல் மூன்று மாதத்தில் 7.5க்கு வந்தாலே நான் கைதட்டுவேன். பிரித்தானியாவில் 1977 முதல் 20 வருடம் நடந்த பெரிய ஆய்வில், இந்த எண் ஒன்றால் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் சிறு இரத்தக் குழாய்ச் சிக்கல்கள் 37 வீதம் குறைவாக இருந்தன. 8.4க்கும் 7.4க்கும் இடையில் அவ்வளவு இருக்கிறது. நாலு வருடத்தில் கண்ணின் உட்படலம், சிறுநீரில் அல்புமின், கிரியற்றினின், கொலஸ்ட்ரோல், பாத உணர்வு இவற்றைப் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் கேட்டுச் செய்வியுங்கள், பிறகு வருடத்துக்கு ஒருமுறை.

பாகற்காய் கறியாக வரட்டும், வரவேற்கிறேன். சாறாகக் குடித்தால் தடுக்க மாட்டேன், ஆனால் அதை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம். அது சீனியைக் கொஞ்சம் இறக்கினால் கிளிக்ளசைட்டோடு சேர்ந்து கூடுதலாக இறங்கலாம், அதனால் குடிப்பதைக் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கட்டையில் கடைந்த கோப்பையில் ஊற்றி வைத்துக் குடிக்கும் தண்ணீருக்கும் இதே பதில். பெயரில்லாத பொட்டலத் தூள்களுக்கு மட்டும் வேண்டாம் என்றே சொல்வேன். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

குளிர்த்திப் பொங்கலைக் கேட்டிருந்தீர்கள். அம்மனின் பொங்கலை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தேத்தண்ணிக் கப்பில் கால்வாசி வையுங்கள், அன்றைக்கு அதற்கேற்பச் சோற்றைக் குறையுங்கள். கோயில் வீதியை ஒருதரம் சுற்றி நடந்துவிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு ஸ்ட்ரிப் செலவழியுங்கள். எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள், அது எவ்வளவாக இருந்தாலும்.